வேக்குவம் கிளீனர் வாங்கப் போகிறீர்களா? அதன் பின்பக்கக் காற்றைப் பாருங்கள்

போன ஐப்பசியில் ஒரு அம்மா தன் எட்டு வயதுப் பையனை அழைத்து வந்திருந்தார். மழைக்காலம் வந்தாலே அவனுக்கு இளைப்பு வரும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்த முறை ஞாயிறு தவறாமல் மதியம் தும்மல் ஆரம்பித்து, ராத்திரி வீசிங்கில் கொண்டுபோய் விடுகிறது என்றார். "தூசி ஆகாதுன்னு நீங்க சொன்னதாலதான் டாக்டர், மெஷினே வாங்கினோம். வாராவாரம் அவன் மெத்தையை நானே சுத்தம் பண்றேன்." என்றைக்குச் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்றார்.

அடுத்த முறை மெஷினையும் எடுத்து வரச் சொன்னேன். உள்ளே துணிப்பை வைத்த சின்ன மெஷின். காற்று வெளியேறும் சல்லடையைத் தொட்டதும் விபூதி மாதிரி விரல் நுனியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. மெத்தைக்குள் பேசாமல் கிடந்த தூசியை இழுத்து, பையன் மூச்சு விடுகிற உயரத்தில் அறை முழுக்கத் தூவிக்கொண்டிருந்திருக்கிறது.

என்னிடம் வருகிறவர்கள் மெஷின் வாங்கும்போது எவ்வளவு இழுக்கும் என்றுதான் பார்க்கிறார்கள். இழுத்த காற்று எப்படி வெளியே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. மூச்சுக் கோளாறு உள்ளவர் இருக்கும் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

மெத்தை, தலையணை, சோபா எல்லாவற்றிலும் தூசி உண்ணிகள் வாழ்கின்றன. ஒரு உண்ணி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தான் அதற்குச் சாப்பாடு. காற்றில் ஈரம் கூடினால் அதற்குக் கொண்டாட்டம். கடலோர ஊர்களிலும் மழை மாதங்களிலும் இளைப்பு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வாமையைக் கிளப்புவதில் பெரும் பங்கு அதன் எச்சத்துக்கு. அது காய்ந்து நொறுங்கும்போது வரும் துகள்கள் சாதாரணத் துணிப்பையிலும் பஞ்சு ஃபில்டரிலும் புகுந்து வெளியே வந்துவிடும்.

அதனால்தான் ஹெப்பா ஃபில்டர் கேளுங்கள் என்கிறேன். 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதே உண்மையான ஹெப்பா. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஐரோப்பிய முறைப்படி எச்13 என்று போட்டிருந்தால் 99.95 சதவீதம், அதுவும் நல்லதே. அட்டையில் 'ஹெப்பா டைப்' என்று மட்டும் இருந்தால் அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. இன்னொன்று, ஃபில்டர் நன்றாக இருந்தாலும் மூடிக்குக் கீழே ரப்பர் வளையம் இறுக்கமாக உட்காரவில்லை என்றால் காற்று சந்து வழியாகப் போய்விடும். கடையிலேயே திறந்து பாருங்கள்.

வாட்ஸ் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். 2000 வாட்ஸ் என்றால் அது அவ்வளவு மின்சாரம் தின்னும் என்று மட்டுமே பொருள். ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் 900 வாட்ஸுக்கு மேல் வீட்டு வேக்குவம் கிளீனரே விற்கக் கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. அங்கே வீடுகள் அழுக்காகிவிடவில்லை.

அப்புறம், சேர்ந்த தூசியை எப்படிக் கொட்டுவீர்கள்? பெரும்பாலோர் கவனிக்காத இடம் இது. அந்த அம்மா துணிப்பையைப் பால்கனிச் சுவரில் தட்டிக் கொட்டுவாராம், பையன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பானாம். பை இல்லாமல் டப்பாவில் சேரும் மாடல்களிலும் திறந்து கொட்டும்போது புகை மாதிரி கிளம்பும். ஆஸ்துமா உள்ள வீட்டுக்கு, வாயை மூடி அப்படியே தூக்கிப் போடும் பை உள்ள மாடலையே நான் சொல்வேன். மாற்றுப் பைகள் உங்கள் ஊரில் கிடைக்கின்றனவா, என்ன விலை என்று விசாரித்துக்கொண்டு வாங்குங்கள். டப்பா மாடல்தான் கைக்கு அடக்கம் என்றால், அதை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் விட்டு, கவர் வாயைப் பிடித்துக்கொண்டு கொட்டுங்கள்.

கழுவும் ஃபில்டர் என்றால் நிழலில் ஒரு முழு நாளாவது காய வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை பிடித்து அந்தக் காற்றும் வீட்டுக்குள்தான் வரும். தூசியைப் பிடிக்கத் தண்ணீர் ஊற்றும் மாடல்களில் வேலை முடிந்த கையோடு தண்ணீரைக் கொட்டிக் காயவைக்க வேண்டும்.

ஏற்கெனவே மெஷின் இருக்கிறதா? அறையை இருட்டாக்கி, மெஷினை ஸ்டூல் மேல் வைத்து ஓட விட்டு, காற்று வரும் பக்கம் செல்போன் டார்ச்சைக் குறுக்கே அடித்துப் பாருங்கள். தரையில் வைத்தால் தரைத் தூசியும் கலந்து குழப்பும். வெளிச்சத்தில் துகள்கள் கொப்பளித்து வந்தால் அந்த மெஷின் உங்கள் வீட்டுக்கு ஆகாது.

நம் வீடுகளில் தரை பெரும்பாலும் டைல்ஸ். அதற்கு ஈரத் துடைப்பானே போதும். மெஷின் தேவைப்படுவது மெத்தைக்கும் சோபாவுக்கும் திரைச்சீலைக்கும்தான். அதனால் மெத்தைக்கான அகல வாயும், இடுக்குகளுக்கான ஒல்லி வாயும் சேர்ந்து வருகிறதா பாருங்கள். ரோபோ மெஷின் தரையோடு சரி, மெத்தை மேல் ஏறாது. வயர் இல்லாதது வசதிதான், ஆனால் முழு வேகத்தில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும்.

உயிருள்ள உண்ணிகள் நூலிழையைப் பற்றிக்கொள்ளும், எந்த மெஷினுக்கும் முழுதாக வராது. தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டுத் தண்ணீரில் துவைத்தால் அவை சாகும்.

மின்சார வேக்குவம் கிளீனரை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர், அமெரிக்காவில் ஒரு கடையில் துப்புரவுப் பணியாளர். அவருக்கு ஆஸ்துமா. தூசி கிளப்பும் வேலையைத் தாங்க முடியாமல் மின்விசிறி, துடைப்பக் கட்டை, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்துத் தானே ஒன்று செய்துகொண்டார். 1908இல் காப்புரிமையும் கிடைத்தது.

அந்தப் பையன் வீட்டில் இப்போது அப்பா மெஷின் போடுகிறார், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. பையன் அந்த நேரம் ஆச்சி வீட்டுக்குப் போய்விடுகிறான், சாயங்காலம்தான் வருவான். புது மெஷின் வந்துவிட்டதே, இன்ஹேலரை நிறுத்தலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், நான் சொல்லும்வரை ஒரு வேளைகூட விடாதீர்கள் என்றேன்.