15-ஆம் தேதி பிறந்த குழந்தைக்கு அட்டையில் 14

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்குத் தடுப்பூசி அட்டை அச்சிடும் மென்பொருள் செய்துகொடுத்த குழுவில் இருந்தேன். ஒருநாள் கவுன்ட்டரிலிருந்து போன் வந்தது. அட்டையை வாங்கிய தாய் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "என் பொண்ணு வியாழக்கிழமை பிறந்தா. இதுல புதன்னு போட்டிருக்கே?" என்று கேட்டிருக்கிறார். குழந்தை பிறந்தது 2023 ஜூன் 15. அட்டையில் ஜூன் 14.

தரவுதளத்தைத் திறந்ததும் விஷயம் புரிந்துவிட்டது. பிறந்த தேதி இருக்க வேண்டிய இடத்தில் 2023-06-14 18:30 என்று இருந்தது. இந்தியாவில் நிரல் எழுதுகிறவர்கள் இந்த 18:30-ஐ எங்கே பார்த்தாலும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நம் நேரம் யுடிசி என்கிற உலகப் பொதுநேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. ஊழியர் தேதியை மட்டும்தான் தேர்ந்தெடுத்தார். நிரல் அதை ஜூன் 15, நள்ளிரவு 00:00 என்று எடுத்துக்கொண்டு, சேமிக்கும்போது யுடிசிக்கு மாற்றியது. அது முந்தைய நாள் மாலை 18:30 ஆகிவிட்டது. அட்டை அச்சிடும் பகுதியில் அதைத் திரும்ப நம் நேரத்துக்குக் கொண்டுவராமல், முதல் பத்து எழுத்துகளை வெட்டி எடுத்திருந்தோம்.

வெட்டியதும் தவறுதான். ஆனால் மூலத் தவறு அதற்கு முன்பே நடந்துவிட்டது. பிறந்த தேதிக்குக் கடிகாரம் கிடையாது. அது நாள்காட்டியில் ஒரு கட்டம், அவ்வளவுதான். கல்யாணத் தேதி, கடன் தவணைத் தேதி, அரசு விடுமுறை எல்லாம் இதே இனம். பணம் கணக்கில் ஏறிய நேரம், ஒருவர் லாகின் செய்த நேரம் ஆகியவை வேறு இனம். அவை உலகத்துக்கே பொதுவான ஒரு கணம்; யுடிசியில் சேமித்து, பார்க்கிறவரின் ஊர் நேரத்தில் காட்டலாம். முதல் இனத்தைத் தரவுதளத்தில் வெறும் தேதி வகையாகவே வைக்க வேண்டும். இதை மட்டும் முதல் நாளே முடிவு செய்திருந்தால் அந்தத் தாய் கவுன்ட்டரில் நின்று வாதாட வேண்டியிருந்திருக்காது.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. அது நம் ஊரில் கண்ணில் படுவதே இல்லை. இணையப் பக்கங்களில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் 2023-06-15 என்று எழுத்தாக மட்டும் கொடுத்தால் அதை யுடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். சென்னையில் அது அதே நாள் காலை 5:30, ஆகவே தேதி சரியாகத் தெரியும். அதே பக்கத்தை டொரான்டோவில் திறப்பவருக்கு ஜூன் 14 இரவு 8 மணி. நாம் எத்தனை முறை சோதித்தாலும் பிடிபடாது. கணினியின் நேரமண்டலத்தை மாற்றிவைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம் வடிவக் குறியீடுகள், அதாவது தேதியையும் நேரத்தையும் எப்படிக் காட்ட வேண்டும் என்று நிரலுக்குச் சொல்லும் ஆங்கில எழுத்துகள். ஜாவா நிரல்மொழியில் பெரிய எம் மாதம், சின்ன எம் நிமிடம். பெரிய ஹெச் 24 மணிக் கணக்கு, சின்ன ஹெச் 12 மணிக் கணக்கு. பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்த ரத்த மாதிரி, சின்ன ஹெச் போட்டதால் அறிக்கையில் 03:00 என்று வரும். படிக்கிற மருத்துவர் அதை விடியற்காலை என்றுதானே நினைப்பார்? இவற்றில் மிக மோசமானது ஆண்டைக் குறிக்கும் ஒய். சின்ன ஒய் நாம் நினைக்கும் ஆண்டு. பெரிய ஒய், அந்த வாரம் எந்த ஆண்டின் கணக்கில் சேர்கிறதோ அந்த ஆண்டு. வருடம் முழுவதும் இரண்டும் ஒன்றுபோலவே இருந்துவிட்டு, ஆண்டின் கடைசியிலோ தொடக்கத்திலோ சில நாட்கள் மட்டும் பிரியும். 2014 டிசம்பர் 29 திங்கட்கிழமை, சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் வாரக் கணக்கில் 2015-இன் முதல் நாள். ட்விட்டரின் ஆண்ட்ராய்டு பயனர்கள் பலர் செயலியிலிருந்து வெளியே தள்ளப்பட்டது அந்த நாளில்தான். சர்வர் அனுப்பிய தேதியில் ஆண்டு 2015 என்று இருந்தது. உங்கள் சோதனைத் தேதிகளில் டிசம்பர் 29, 30, 31 இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.

எக்செல் கோப்புகளில் வரும் தொல்லை எல்லோருக்கும் தெரிந்தது. மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க அமைப்பில் உள்ள கணினியில் 25/04/2024 என்று அடித்தால் அது வெறும் எழுத்தாக நின்றுவிடும், உடனே தெரிந்துவிடும். 05/04/2024 சத்தமில்லாமல் மே 4 ஆகிவிடும். ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாட்களில் ஒன்று தப்பிக்கும், மீதி 11 மாறும். ஆண்டுக்கு 132 நாட்கள். இயந்திரத்திலிருந்து இயந்திரத்துக்கு அனுப்பும்போது ஐஎஸ்ஓ 8601 சொல்கிறபடி ஆண்டு-மாதம்-நாள் என்றே அனுப்புங்கள். மனிதருக்குக் காட்டும்போது மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

எழுத்தில் என்றால், தமிழில் எழுதுவதற்கும் ஒரு கவனம் வேண்டும். ஆங்கில மாதப் பெயரில் முதல் மூன்று எழுத்தை வெட்டுகிற பழக்கத்தில் தமிழையும் வெட்டுகிறார்கள். கணினிக்கு 'பி' ஒரே எழுத்தல்ல. 'ப' ஒன்று, இகரக் குறி இன்னொன்று. புள்ளியும் தனி. அதனால் பிப்ரவரி 'பிப' ஆகிறது, மார்ச் 'மார' ஆகிறது, ஜூன் 'ஜூன' ஆகிறது. ஏப்ரல், அக்டோபர் போன்ற சில மட்டும் அதிர்ஷ்டவசமாக 'ஏப்', 'அக்' என்று தப்பிக்கின்றன. இப்படி அச்சான ரசீதுகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். சரியான தமிழ்ச் சுருக்கங்கள் ஒவ்வொரு மொழியிலும் தேதி, எண் எழுதும் முறைகளைத் திரட்டிவைத்திருக்கும் யூனிகோட் அமைப்பின் சிஎல்டிஆர் தொகுப்பில் இருக்கின்றன. எந்தச் செலவும் இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்தரை மணியைக் கையால் கூட்டிக் கழிப்பதையும் விட்டுவிடுங்கள். இலங்கை நேரம் 1996 மே மாதம் யுடிசியைவிட ஆறரை மணி முன்னால் போனது, அதே ஆண்டு அக்டோபரில் ஆறு மணியானது, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. சிங்கப்பூர் 1981 முடியும்வரை ஏழரை மணியில் இருந்து, 1982 பிறந்ததும் எட்டுக்கு மாறியது. பழைய பதிவுகளைக் கையாளும்போது 'ஆசியா/கொழும்பு' என்று ஊர்ப்பெயரைக் கொடுத்தால், இந்த வரலாறு முழுவதும் நிரல்மொழியோடு வரும் நேர நூலகத்துக்குள்ளேயே (லைப்ரரி) இருக்கிறது.

மருத்துவமனை விஷயத்துக்கு வருகிறேன். நிரலைத் திருத்த ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பழைய பதிவுகளில் ஐந்தரை மணி கூட்டிவிட்டால் முடிந்தது என்று நினைத்தோம். அப்போதுதான் கவுன்ட்டரில் இருந்த அக்கா சொன்னார்: "அட்டையில ஒருநாள் குறைச்சு வருதுன்னு, நாங்க சில பேர் ஒருநாள் கூட்டியே போட ஆரம்பிச்சிட்டோம் தம்பி." கூட்டிப் போட்டது எது, உள்ளபடி போட்டது எது என்று தரவை வைத்துப் பிரிக்க வழியே இல்லை. கடைசியில் பிரசவ வார்டின் நோட்டுப் புத்தகங்களை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழந்தையாகப் பெயரைப் படித்து, தேதியைச் சரிபார்த்தோம்.