பதிலை நிறுத்திவைக்கும் சர்வர்: புஷ் மெயில் எவ்வாறு இயங்குகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கைபேசியின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகு, முன்பு வந்த கணத்திலேயே ஒலியெழுப்பிய மின்னஞ்சல்கள் இப்போது 20 நிமிடம், அரை மணி நேரம் கழித்து மொத்தமாக வந்து விழுகின்றன. அஞ்சல் சேவையை நான் மாற்றவில்லை, செயலியையும் மாற்றவில்லை. எது மாறியது?" இதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமானால், கடிதம் வந்த செய்தி கைபேசிக்கு எப்படி எட்டுகிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். வந்த கணத்திலேயே அதை அறிவிக்கும் ஏற்பாட்டுக்குத்தான் புஷ் மெயில் என்று பெயர்.

அனுப்பியவரிடமிருந்து கிளம்பும் கடிதம் பெறுபவரின் அஞ்சல் சர்வரை அடையும் வரையிலான பயணம் பலரும் அறிந்ததே. வழக்கமாகச் சில விநாடிகளில் அது முடிந்துவிடும். சிக்கல் முழுவதும் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. பழைய முறையில், கைபேசியே குறித்த இடைவெளியில் சர்வரைத் தொடர்புகொண்டு "ஏதேனும் வந்திருக்கிறதா?" என்று விசாரிக்கும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை விசாரித்தால் நாளொன்றுக்கு 96 விசாரணைகள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு "இல்லை" என்பதே பதில். ஒவ்வொரு விசாரணைக்கும் கைபேசியின் ரேடியோ, அதாவது வலையமைப்போடு பேசும் பகுதி, விழித்தெழ வேண்டும். வேலை முடிந்த பின்னும், தொடர்ந்து தரவு வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பில் அது சில விநாடிகள் மின்சாரத்தைச் செலவிட்டபடி விழித்தே இருக்கும். இவ்வளவு செலவழித்தும் கடிதம் சராசரியாக ஏழரை நிமிடம் தாமதமாகத்தான் கைக்கு வரும்.

கடிதம் வந்தவுடன் சர்வரே கைபேசியை அழைத்துச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். இணையத்தின் அமைப்பு அதற்கு இடம் கொடுப்பதில்லை. இணையத்தின் முகவரி முறையான ஐபியின் நான்காம் பதிப்பில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகளே உள்ளன. எனவே தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒரே பொது முகவரியின் பின்னால் ஏராளமான கைபேசிகளை உட்கார வைத்து, இடையில் நேட் எனப்படும் முகவரி மாற்றியை நிறுத்தியிருக்கின்றன. உள்ளேயிருக்கும் கருவி முதலில் பேசும்போது, இன்ன கருவி இன்ன சர்வரோடு பேசுகிறது என்று அந்த முகவரி மாற்றி தன் அட்டவணையில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. அந்த வரி இருக்கும் வரைதான் வெளியிலிருந்து வரும் பதிலை உள்ளே விடும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டும் செய்தி யாருக்கு உரியது என்று அதற்குத் தெரியாது. ஆகவே அதைக் கைவிட்டுவிடும்.

கனடாவின் வாட்டர்லூ நகரிலிருந்து இயங்கிய ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் 1999ஆம் ஆண்டு பிளாக்பெர்ரி 850 கருவியை வெளியிட்டபோது இந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போனது. பேஜர்களுக்குப் பழக்கமான வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் உண்டு. வலையமைப்பே அந்த எண்ணைத் தேடிச் செய்தியைச் சேர்க்கும். நிறுவனங்களின் அஞ்சல் சர்வருக்கு அருகில் ஒரு மென்பொருள் அமர்ந்து, கடிதத்தைச் சுருக்கி, மறையாக்கம் செய்து, முதல் 2 கிலோபைட் அளவை மட்டும் ரிசர்ச் இன் மோஷனின் மத்திய நிலையத்தின் வழியாக அனுப்பும். மீதியைப் பயனர் கேட்டால் மட்டுமே அனுப்பும். மிகத் திறமையான ஏற்பாடு. ஆனால் எல்லாக் கடிதங்களும் ஒரே நிறுவனத்தின் நிலையத்தைக் கடந்தாக வேண்டும் என்பதன் விலை 2011 அக்டோபரில் தெரிந்தது. மைய ஸ்விட்ச் ஒன்று பழுதாகி, அதற்கு மாற்றாக இருந்த அமைப்பும் எதிர்பார்த்தபடி கைகொடுக்காததால், பல கண்டங்களிலும் பயனர்கள் நாட்கணக்கில் கடிதமின்றித் தவித்தார்கள்.

போட்டியாளர்கள் இப்படியொரு மத்திய நிலையம் இல்லாமலே அதே வேகத்தை எட்ட முயன்றார்கள். மைக்ரோசாஃப்ட் முதலில், கடிதம் வந்ததும் கைபேசிக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறுஞ்செய்தியை அனுப்பி அதை எழுப்பும் முறையைக் கையாண்டது. குறுஞ்செய்தி தாமதமாகலாம், அதற்குக் கட்டணமும் விழலாம் என்பதால் அது நிலைக்கவில்லை. 2005 அக்டோபரில் அதன் அஞ்சல் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் சர்வருக்கான ஒரு மேம்படுத்தலோடு வந்த டைரக்ட் புஷ் முறைதான், இந்தத் துறையில் நான் கண்டவற்றுள் மிக அழகானது. அதைப் பற்றிச் சற்று நின்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

புஷ் என்ற சொல் சர்வர் எதையோ தள்ளுவதாகச் சொல்கிறது. நடப்பதோ வேறு. கைபேசி சாதாரணமான ஒரு வலைக் கோரிக்கையை அனுப்புகிறது: "இந்தக் கோப்புறைகளில் ஏதேனும் மாறினால் சொல், எதுவும் மாறாவிட்டால் 15 நிமிடம் கழித்துச் சொல்." கேள்வியைப் பெற்றுக்கொண்ட சர்வர், பதில் சொல்லாமல் அதை நிறுத்திவைக்கிறது. கேட்டது கைபேசி என்பதால் முகவரி மாற்றியின் அட்டவணையில் வரி எழுதப்பட்டுவிட்டது; கேள்விக்குப் பதில் பாக்கி இருப்பதால் இணைப்பும் திறந்தே இருக்கிறது. மூன்றாம் நிமிடத்தில் கடிதம் வந்தால், நிறுத்திவைத்த பதிலை அந்தக் கணமே அனுப்பிவிடுகிறது. அந்தப் பதிலில் கடிதம் இருக்காது. எந்தக் கோப்புறை மாறியது என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். கடிதத்தைக் கைபேசி தனியாகக் கேட்டுப் பெற்றுக்கொண்டு, உடனே அடுத்த கேள்வியைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறது.

இணைப்பு இத்தனை நேரம் திறந்திருந்தால் பேட்டரி தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். இணைப்பு என்றதும் நம் மனம் ஒரு கம்பியை நினைத்துக்கொள்கிறது. உண்மையில் டிசிபி இணைப்பு, அதாவது இணையத்தில் இரு கருவிகள் தரவை வரிசை தவறாமல் பரிமாறிக்கொள்ளும் இணைப்பு, என்பது இரு முனைகளிலும் உள்ள நினைவு மட்டுமே. யாரோடு பேசுகிறோம், அடுத்து வர வேண்டிய பைட்டின் வரிசை எண் என்ன என்பன போன்ற சில எண்களை இருவரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பேச்சில்லாத நேரத்தில் அந்த இணைப்புக்காக ஒரு துளி ரேடியோ அலைகூடச் செலவாவதில்லை. கைபேசியின் முதன்மைச் சில்லு (பிராசசர்) உறங்கிவிடலாம். மோடம் மட்டும், எல்டிஇ (4ஜி) வலையமைப்பில் பெரும்பாலும் 1.28 விநாடிக்கு ஒருமுறை, கணநேரம் கண்விழித்து, தன்னை யாரேனும் அழைக்கிறார்களா என்று செல்கோபுரத்தின் ஒலிபரப்பைக் கேட்டுவிட்டு மீண்டும் உறங்கும். தொலைபேசி அழைப்புகளைத் தவறவிடாமல் இருக்க அது எப்படியும் செய்தாக வேண்டிய வேலை இது. மின்னஞ்சல் அதன்மேல் கூடுதல் செலவின்றி ஏறிக்கொள்கிறது.

இங்கே ஒரே ஓர் எதிரிதான் உண்டு: மறதி. முகவரி மாற்றிகள் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, நெடுநேரம் பேச்சில்லாத வரிகளை அழித்துவிடுகின்றன. அழித்ததை இரு தரப்புக்கும் சொல்வதுமில்லை. நிலைபெற்ற இணைப்பின் வரியை 2 மணி 4 நிமிடத்துக்குள் அழிக்கக் கூடாது என்று 2008இல் வெளியான இணையத் தரநிலை ஆவணம் சொன்னாலும், நடைமுறையில் பல வலையமைப்புகள் சில நிமிடங்களிலேயே அழித்துவிடுகின்றன. அதன்பின் சர்வர் அனுப்பும் பதில் வழியிலேயே தொலைந்துபோகும். கைபேசியோ, இணைப்பு உயிரோடு இருப்பதாக நம்பிக் காத்துக்கொண்டிருக்கும். ஆகவேதான் கேள்வியில் ஒரு கால எல்லை வைக்கப்படுகிறது. இதற்கு ஹார்ட்பீட், அதாவது இதயத்துடிப்பு, என்று பெயர். இந்த இடைவெளியைக் கைபேசி தானே கற்றுக்கொள்கிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தரும் செய்தி. 10 நிமிடம் என்று கேட்டு, சரியாகப் பத்தாம் நிமிடத்தில் "எதுவும் மாறவில்லை" என்ற பதில் வந்துசேர்ந்தால், அடுத்து 15 நிமிடம், பிறகு 20 நிமிடம் என்று நீட்டிப் பார்க்கும். எதிர்பார்த்த நேரத்தில் பதில் வராவிட்டால், வழியில் எங்கோ வரி அழிக்கப்பட்டுவிட்டது என்று புரிந்துகொண்டு இடைவெளியைக் குறைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கருவியின் பொறுமை எவ்வளவு என்பதை, அதனிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், மௌனத்தை மட்டும் வைத்து அளந்துவிடுகிறது.

இந்தச் சிந்தனை மைக்ரோசாஃப்ட்டோடு தொடங்கியதுமன்று. சர்வரில் உள்ள அஞ்சலைச் செயலிகள் படிக்க உதவும் ஐமேப் நெறிமுறைக்கான ஐடில் என்னும் கட்டளை 1997 ஜூனில் சில பக்கங்களே கொண்ட ஒரு பொது ஆவணமாக வெளியானது. இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சர்வரின் குரலுக்காகக் காத்திருக்கும் வழியையும், 29 நிமிடத்துக்கு ஒருமுறையாவது அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்ற அறிவுரையையும் அது யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தது. அதே துறையில் மறுபக்கம் நடந்ததையும் பாருங்கள். காப்புரிமை வழக்கொன்றை முடித்துக்கொள்ள ரிசர்ச் இன் மோஷன் 2006இல் 61 கோடியே 25 லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது; ஜெர்மனியில் மோட்டோரோலா தொடுத்த வழக்கால், ஆப்பிளின் ஐக்ளவுட் பயனர்கள் 2012 தொடக்கத்திலிருந்து 2013 வரை புஷ் மெயில் இல்லாமல் இருந்தார்கள். வழக்கறிஞர்களுக்குப் போன பணத்தில் ஒரு சிறு பங்கு பொதுத் தரநிலைகளை எழுதுவோருக்கும் அதற்கான ஆய்வுகளுக்கும் போயிருந்தால், இந்தத் தாமதப் பிரச்சினையில் பாதி எப்போதோ தீர்ந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

இனி இயங்குதளத்துக்கு வருவோம். சர்வர் பதிலை நிறுத்திவைக்கத் தயாராக இருந்தாலும், கேள்வி கேட்கத் தெரிந்த இயங்குதளம் கைபேசியில் இருந்தால்தான் பயன் உண்டு. விண்டோஸ் மொபைல் 5.0 பயனர்கள் டைரக்ட் புஷ் பெறுவதற்குத் தனியாக ஒரு மேம்படுத்தலுக்குக் காத்திருந்தார்கள். அதைக் கருவித் தயாரிப்பாளரோ தொலைத்தொடர்பு நிறுவனமோ வெளியிட்டாக வேண்டும். 2007இல் ஐபோன் வந்தபோது எக்ஸ்சேஞ்ச் வசதி அதில் இல்லை. 2008 ஜூலையில் வந்த இரண்டாம் பதிப்பு இயங்குதளம், போட்டியாளரான மைக்ரோசாஃப்ட்டிடமிருந்தே எக்ஸ்சேஞ்சோடு கைபேசி பேசும் நெறிமுறையான ஆக்டிவ்சிங்குக்கு உரிமம் பெற்று அதைச் சேர்த்துக்கொண்டது.

அதன்பின் ஒரு புதிய சிக்கல் முளைத்தது. அஞ்சல் செயலியைப் போலவே அரட்டைச் செயலி, செய்திச் செயலி என்று ஒவ்வொன்றும் தனித்தனியே கேள்வியை வைத்துக் காத்திருந்தால், ஒவ்வொன்றின் இதயத்துடிப்புக்கும் கைபேசி தனித்தனியே விழிக்க வேண்டும். ஆப்பிள் 2009இல் தன் மூன்றாம் பதிப்போடும், கூகுள் 2010இல் ஆண்ட்ராய்டு 2.2 பதிப்போடும், எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான ஒரே இணைப்பை இயங்குதளமே பராமரிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. 2015இல் ஆண்ட்ராய்டு 6.0 இன்னும் ஒரு படி மேலே போனது. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் கைபேசியில், டோஸ் என்னும் ஏற்பாடு செயலிகளின் வலைத் தொடர்பை ஒத்திவைத்து, அவ்வப்போது திறக்கும் சிறு இடைவேளைகளில் மட்டும் அனுமதிக்கிறது. பொது இணைப்பில் வரும் அவசரச் செய்திகளுக்கு விலக்கு உண்டு.

வாசகரின் சிக்கலுக்கு இதுவே மிக நெருக்கமான விளக்கம். அவருடைய செயலி பொது இணைப்பைப் பயன்படுத்தாமல், ஐடில் போன்ற முறையில் தானே காத்திருக்கும் வகையாக இருக்கலாம். புதிய இயங்குதளம் அதை உறங்க வைக்கிறது, அல்லது மேம்படுத்தலின்போது அதற்கு முன்பு கொடுத்திருந்த விலக்கு அழிந்திருக்கிறது. அமைப்புகளில் பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து அந்தச் செயலிக்கு விலக்கு அளித்துப் பார்க்கலாம். கூடவே ஒரு மூடநம்பிக்கையையும் விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்: செயலிகளை அமைப்புகளில் போய்க் கட்டாயமாக நிறுத்தினால் பேட்டரி நீடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஆண்ட்ராய்டில் அப்படி நிறுத்தப்பட்ட செயலிக்கு, அதை மீண்டும் திறக்கும் வரை பொது இணைப்பின் செய்திகளும் போய்ச் சேருவதில்லை.

காரணம் எது என்பதைச் சோதித்தும் அறியலாம். கைபேசியைச் சார்ஜரிலிருந்து எடுத்து, திரையை அணைத்து, மேசைமேல் ஒரு மணி நேரம் தொடாமல் வைத்துவிட்டு, வேறு கணக்கிலிருந்து ஒரு கடிதம் அனுப்புங்கள். ஒலி எழாமல் இருந்து, கைபேசியைக் கையிலெடுத்துத் திரையைத் திறந்த கணத்தில் கடிதம் வந்தால், தாமதப்படுத்தியது இயங்குதளம். வைஃபையில் உடனே வந்து, மொபைல் டேட்டாவில் மட்டும் தாமதித்தால், வழியிலுள்ள முகவரி மாற்றி உங்கள் வரியை மறந்துவிட்டிருக்கிறது. செயலியில் இதயத்துடிப்பு இடைவெளியைக் குறைக்கும் வசதி இருந்தால், 5 நிமிடத்தில் தொடங்கி, கடிதம் தவறாமல் வந்துகொண்டிருக்கும் வரை அதை மெல்ல நீட்டிப் பாருங்கள்.