லைனுக்குப் போகிற சர்க்கரைக்காரர்களுக்கு

நாமக்கல்லில் சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்கிறேன். லைனுக்கு, அதாவது லாரி ஓட்டிக்கொண்டு வெளி மாநிலங்களுக்குப் போகிற டிரைவர்களுக்கும் பார்க்கிறேன். லாரியில் நாக்பூர் போனதில்லை, ஆனால் 44ஆம் எண் நெடுஞ்சாலை எனக்கு மனப்பாடம். தொப்பூர் ஏற்றம், அனந்தப்பூர்ப் பக்கத்துப் பாறைக் குன்றுகள், கர்னூலில் துங்கபத்திரைப் பாலம், நிர்மல் தாண்டித் தேக்கு மரங்கள் எல்லாம் டிரைவர்கள் சொல்லிக் கேட்டதுதான். எங்கே என்ன சாப்பிட்டோம் என்பதை இன்னும் விவரமாகச் சொல்வார்கள். நானும் விடாமல் கேட்பேன்.

ஆந்திரா மெஸ்ஸில் பப்பு, கோங்குரா, கேட்கக் கேட்கச் சோறு. தெலங்கானா ரோட்டோரத்தில் சாயங்காலமானால் சுடச்சுட ஜொன்ன ரொட்டி, அதாவது நம் சோள ரொட்டி. நாக்பூரில் காலையில் போஹா, அதாவது தாளித்த அவல், மேலே காரமான கொண்டைக்கடலைக் குழம்பு. தாபாவில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தந்தூரி ரொட்டி, தால், பச்சை வெங்காயம். இவற்றில் எதையும் நான் தடுப்பதில்லை. தால், ரொட்டி, வெங்காயம் நல்ல சாப்பாடு. அதன்மேல் மிதக்கிற வெண்ணெயும், உருளைக்கிழங்கு பராத்தாவும், தூக்கத்தை விரட்ட மடக்கு மடக்காகக் குடிக்கிற சர்க்கரை டீயும்தான் கணக்கைக் கெடுக்கின்றன. லாரி நிழலில் அடுப்பு மூட்டிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் ஆக்குகிறவர்களுக்கும் அதே பேச்சுதான்: குழம்பு இருக்கட்டும், சோற்றைக் குறையுங்கள்.

என்ன சாப்பிடுகிறார்கள் என்பதைவிட, எப்போது சாப்பிடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பயம்.

காலை எட்டு மணிக்கு மாத்திரை என்று சீட்டில் எழுதியிருக்கும். எட்டு மணிக்கு டிரைவர் லோடு இறக்கும் இடத்தில் வரிசையில் நிற்பார். மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்வார். "வண்டிய எடுத்துட்டு முன்னாடி போய்ச் சாப்பிட்டுக்கலாமுன்னு நெனச்சேனுங்க" என்பார். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர் இதில் பெரும்பாலும் தப்பித்துக்கொள்வார். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ அப்படியில்லை. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அது சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு. இன்னும் இறங்கினால் புத்தி குழம்பும். முன்னால் போகிற வண்டி தூரத்தில் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா என்று பிடிபடாது. டிரைவர் தூங்கிவிட்டார் என்று ஊர் சொல்லும்.

அதனால் கிளிமிபிரைடு வகை மாத்திரையை மணி பார்த்துப் போடாதீர்கள். இலையோ தட்டோ முன்னால் வந்த பிறகு போடுங்கள். உங்கள் சீட்டில் இருப்பது எந்த வகை என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடிக்கடி வடக்கே போகிறவர் என்று சொன்னால், சர்க்கரையை அவ்வளவாக இறக்கிவிடாத மாத்திரைக்கு மாற்றித் தரவும் வழியுண்டு. பலர் தொழிலைச் சொல்வதே இல்லை; டாக்டர்களும் கேட்பதில்லை.

வியர்த்துக் கை நடுங்கினால் வண்டியை ரோட்டை விட்டு ஒதுக்கி நிறுத்திவிட்டு, மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பிஸ்கட் வேண்டாம், அது மெதுவாகத்தான் ஏறும். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் வயிற்றுக்கு ஏதாவது சாப்பிடுங்கள். உடனே ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது. ரத்தத்தில் சர்க்கரை ஏறிய பிறகும் மூளை நிதானத்துக்கு வர முக்கால் மணி நேரமாவது ஆகும்.

2025 வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டவிடாமல் அரை மணி நேரம் ஓய்வு தரச் சொன்னது. வண்டி எங்கே நிற்கிறது என்று செல்போனில் பார்த்துக்கொண்டே இருக்கிற முதலாளிகளுக்கு அந்த அரை மணியையும் யாராவது காட்டினால் நல்லது.

இன்சுலின் போடுகிறவர்கள் அதை டேஷ்போர்டில் வைக்காதீர்கள், வெயிலில் வீணாகிவிடும். ஈரத்துணி சுற்றிய சின்ன மண்பானைக்குள் பையில் போட்டு வைத்தாலும் போதும்.

முன்பெல்லாம் கூடவே கிளீனர் இருந்தார். டிரைவர் உளறினால் கவனிக்க ஆள் இருந்தது. இப்போது பல வண்டிகள் ஒற்றை ஆளோடு ஓடுகின்றன. ஆகவே சர்க்கரை நோய் இருப்பதையும் மாத்திரைகளின் பெயரையும் வீட்டு போன் நம்பரையும் ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். தமிழில் எழுதினால் தெலங்கானாவின் அதிலாபாத்தில் யாருக்கும் புரியாது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தர உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.