டிசி கேட்டு வருவதற்கு முன்

செங்கம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருக்கிறேன். வருடா வருடம் ஜூனில் நடக்கிற கதைதான், ஆனால் இந்தத் தடவை மனசு ஆறவில்லை. எட்டாவது வரை எங்களிடம் படித்த பெண். டாக்டராக்க வேண்டும் என்று தனியார் பள்ளிக்கு மாற்றினார்கள். பத்தாவதில் நல்ல மார்க். ஃபீஸ் கட்ட முடியாமல் பதினொன்றாம் வகுப்புக்கு மறுபடி எங்களிடமே கூட்டி வந்தார் அப்பா. பயாலஜி குரூப் கொடுத்தேன். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "அந்த ஏழரை பர்சென்ட் பாப்பாவுக்குக் கிடைக்கும்ல சார்?" என்றார்.

கிடைக்காது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடத்தில் எட்டாவது வரை தனியாரில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. 2021-லிருந்து பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டப் படிப்புகளுக்கும் இந்த ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிக்குப் போனதும் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் இந்த ஏழு வருடப் படிப்பைப் பார்த்துத்தான். எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேறிய பிள்ளைக்கு, ஒன்பதிலிருந்து நான்கு வருடமும் ஆண்டுக்கு 12,000 ரூபாய். தனியாருக்கு மாற்றினால் அதுவும் நின்றுவிடும்.

தனியாருக்கு மாற்ற டிசி கேட்டு வரும் பெற்றோரிடம் இவ்வளவும் சொன்னால், "அங்க நூறு சதவீதம் பாஸ் சார்" என்பார்கள். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். நூறு சதவீதம் என்றால் எதில் நூறு? பரீட்சை எழுதியவர்களில். ஒன்பதாம் வகுப்பில் 60 பேர் இருந்து, தேற மாட்டார்கள் என்று 12 பேரின் கையில் டிசியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, மீதி 48 பேரும் பாஸானால் அதுவும் நூறு சதவீதம்தான். பள்ளி வாசலில் பிளெக்ஸ் கட்டலாம். அந்த 12 பேர் எங்கே போவார்கள்? எங்களிடம்தான் வருகிறார்கள். எல்லாத் தனியார் பள்ளியும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் நாங்கள் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. செங்கல் சூளைக்குப் போய் ஆறு மாதம் கழித்து வந்த பையனும் எங்கள் பட்டியலில்தான் பரீட்சை எழுதுகிறான். அவன் தவறினால் எங்கள் சதவீதம் இறங்கும். இறங்கட்டும்.

பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியரும் குறைவார். ஆகஸ்ட் 1-ல் இருக்கும் தலைக்கணக்கை வைத்துத்தான் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். உபரி என்று காட்டினால் பணிநிரவலில் வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த வருடம் "அங்க வாத்தியாரே இல்ல" என்று இன்னும் நான்கு பேர் டிசி கேட்டு வருவார்கள்.

மாற்றியே ஆக வேண்டுமா, சரி, அது உங்கள் உரிமை. ஆனால் முதலில் வகுப்பாசிரியரிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஆங்கில வழிக்காகத்தான் என்றால், அது நிறைய அரசுப் பள்ளிகளிலும் இருக்கிறது, விசாரியுங்கள். சேரப்போகும் பள்ளியில் ரிசல்ட்டைக் கேட்காதீர்கள். போன வருடம் ஒன்பதாவதில் எத்தனை பேர், இந்த வருடம் பத்தாவது எழுதியது எத்தனை பேர் என்று கேளுங்கள். ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் ஏழரை சதவீதத்தை நம்பி மட்டும் பதினொன்றாம் வகுப்புக்குத் திரும்பி வராதீர்கள். எங்களிடம் சேர்க்கையை மார்ச்சிலேயே தொடங்கிவிடுகிறோம். ஐந்தாவது முடிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், தயவுசெய்து அப்போதே ஒரு நடை வந்து பேசுங்கள்.