ஊரடங்கில் ரேஷன் அரிசியும் நூறு நாள் கூலியும் யார் காசில் வந்தன?

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. அடுத்த சில நாட்களில் மதுரை, கோவை, ஈரோடு பக்கமிருந்து லாரி லாரியாக அரிசியும் பாயும் தார்ப்பாயும் வந்தன. மின்கம்பம் நட வெளி மாவட்டத்து ஆட்கள் வந்து வாரக்கணக்கில் தங்கினார்கள். அடி டெல்டாக்காரர்கள் நமக்கு விழுந்தது, அவர்களுக்கு விழவில்லை. அதனால் அவர்களால் கொடுக்க முடிந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்தக் கணக்கு செல்லவில்லை. திருத்துறைப்பூண்டி கடைத்தெரு மூடிக் கிடந்த அதே நாளில் கோவையும் மூடிக் கிடந்தது. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒன்றாக வீட்டுக்குள் முடங்கிவிட்டார்கள். உதவி கேட்பவர் எண்ணிக்கை ஏறும், அதே மாதத்தில் கஜானாவுக்கு வரும் வரி இறங்கும். புயலில் இரண்டும் வெவ்வேறு ஊரில் நடக்கும். பெருந்தொற்றில் ஒரே ஊரில், ஒரே வாரத்தில் நடக்கும்.

ரேஷன், ஓஏபி என்கிற முதியோர் உதவித்தொகை, நூறு நாள் வேலை, நலவாரியம் எல்லாவற்றையும் நாம் 'கவர்மெண்டு பணம்' என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பணம் வருகிற வாய்க்கால் வேறு. சிலவற்றில் கேட்கக் கேட்கத் திறந்துவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சிலவற்றில் முறை வைத்து அளந்துதான் விடுவார்கள். சில வெறும் குட்டை. முன்னால் பெய்த மழை இருந்தால் உண்டு. உங்கள் கையில் இருக்கும் அட்டை எந்த வாய்க்காலில் இருக்கிறது என்பதுதான் கஷ்ட காலத்தில் முக்கியம்.

முதலில் வரவு. மாநில அரசின் சொந்த வருமானத்தில் பெரும்பகுதி ஜிஎஸ்டி, பெட்ரோல் டீசல் வரி, மது, பத்திரப்பதிவு, வாகன வரி. ஆள் வெளியே போய்ச் செலவு செய்தால்தான் இவற்றில் எதுவுமே வரும். 2020 ஏப்ரலில் வண்டி ஓடவில்லை, மதுக்கடை திறக்கவில்லை, கடைகளில் வியாபாரம் இல்லை. மே மாதத் தொடக்கத்தில் தமிழக அரசு பெட்ரோல் மீது 3 ரூபாய் 25 காசும் டீசல் மீது 2 ரூபாய் 50 காசும் வரியை ஏற்றியது. மத்திய அரசும் அதே வாரத்தில் கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஏற்றியது. அரசு ஊழியர்களின் அகவிலைப்படி உயர்வும் நிறுத்திவைக்கப்பட்டது. ஆக, அந்த நாட்களில் இலவசமாக வந்ததற்கு ஒரு பங்கை டிராக்டருக்கு டீசல் போட்ட விவசாயியும் பள்ளிக்கூட வாத்தியாரும் கட்டியிருக்கிறார்கள். மீதி கடன். 2021 ஆகஸ்ட் 9 அன்று வெளியான தமிழக அரசின் வெள்ளை அறிக்கை, 2020-21ன் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி ரூபாய் என்று சொன்னது.

இனி செலவுக்கு வருவோம். ரேஷனைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். அந்த அரிசியில் நம் நெல்லும் இருக்கிறது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் நாம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், அதாவது டிபிசியில், போடும் நெல்லைத் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வாங்குகிறது. அது கிடங்குக்குப் போய், சரக்கு ரயிலில் வெளி மாவட்டத்துக்கு அரவைக்குப் போய், அரிசியாக ரேஷன் கடைக்கு வருகிறது. 2020-21 பருவத்தில் மத்திய அரசின் ஆதரவு விலை சாதாரண ரகத்துக்கு குவிண்டால் 1,868 ரூபாய், சன்ன ரகத்துக்கு 1,888 ரூபாய். மாநிலம் தன் பங்காக 50, 70 ரூபாய் சேர்த்து 1,918, 1,958 என்று கொடுத்தது. அந்த வருடம் மேட்டூர் அணையும் எட்டு வருடத்துக்குப் பிறகு சொன்ன தேதியில், ஜூன் 12ல், திறந்தது. ஊரெல்லாம் அடைபட்டுக் கிடந்த வருடத்தில் டெல்டாவில் குறுவை நன்றாக வந்தது என்பது வேடிக்கைதான். கொள்முதலுக்குப் பணம் தேட வேண்டிய கட்டாயமும் அதோடு கூடியது.

பிரதமரின் கரீப் கல்யாண் அன்ன யோஜனா என்ற பெயரில், வழக்கமான ரேஷனுக்கு மேல் ஆளுக்கு மாதம் 5 கிலோ கொடுத்தார்கள். 2020 ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பிறகு 2021 மே முதல் 2022 டிசம்பர் வரை, மொத்தம் 28 மாதம். ஆனால் இது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறவர்களுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் 2016 நவம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. மத்திய அரசு ஒத்துக்கொள்ளும் எண்ணிக்கை சுமார் 3 கோடியே 64 லட்சம் பேர்தான். நம் மாநிலத்திலோ வசதி, வறுமை என்று பிரிக்காமல் எல்லோருக்கும் ரேஷன். அந்த இடைவெளியை மாநிலம் தன் காசில் அடைக்கிறது. உங்கள் ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். அல்லது பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்று இருந்தால் உங்கள் அரிசி மத்தியச் சட்டக் கணக்கில் வருகிறது. என்.பி.எச்.எச். என்று இருந்தால் மாநிலத்தின் தயவு. 2020ல் ஏப்ரலில் தொடங்கி நவம்பர் வரை தமிழக அரசு இரண்டு வகை அட்டைக்கும் கூடுதல் அரிசி கொடுத்ததால் கடையில் வித்தியாசம் தெரியவில்லை. கணக்குப் புத்தகத்தில் தெரிந்தது.

அரிசி கொடுக்க மத்திய அரசுக்கு அப்போது பெரிய சிரமம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிடங்குகள் நிரம்பி வழிந்த நேரம் அது. 2020-21 பட்ஜெட்டில் உணவு மானியம் சுமார் 1.16 லட்சம் கோடி என்று போட்டிருந்தது, திருத்திய மதிப்பீட்டில் 4.22 லட்சம் கோடி ஆனது. இதைப் பார்த்து 'அரிசிக்கே இவ்வளவா' என்று மலைக்க வேண்டாம். அதில் ஒரு பெரிய பங்கு பழைய பாக்கி. அதற்கு முந்தைய வருடங்களில் மானியத்தை முழுதாகத் தராமல், இந்திய உணவுக் கழகத்தை தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்க வைத்திருந்தார்கள். சிறுசேமிப்பு என்றால் நம் வீட்டு ஆச்சி போஸ்ட் ஆபீஸில் போட்டு வைத்திருக்கும் பணம்தான். அந்தக் கடனை அந்த வருடம் திருப்பிக் கட்டியதும் மானியத் தலைப்பில் ஏறியது. பெருந்தொற்றுச் செலவையும் பழைய கணக்கு நேர் செய்ததையும் பிரித்துப் பார்க்காமல் வாட்ஸ்அப்பில் பலர் சண்டை போட்டார்கள்.

அரிசி இருப்பில் இருந்தது, ரொக்கம் அப்படியில்லை. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் வந்தது. 2021 மே, ஜூனில் இரண்டு தவணையாக 4,000 ரூபாய் வந்தது. முதல் தவணை 2,000 ரூபாய்க்கு மட்டும் 2.07 கோடி அட்டைகளுக்கு 4,153 கோடி ரூபாய். இது எந்தச் சட்டத்திலும் எழுதப்பட்ட உரிமை இல்லை, அரசாணை போட்டுக் கொடுப்பது. அடுத்த முறை வரலாம், வராமலும் போகலாம்.

நூறு நாள் வேலை அப்படி இல்லை. 2005ல் வந்த சட்டம் அது. முதல் கட்டத்திலேயே, 2006 பிப்ரவரியில், நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு வந்துவிட்டது. தஞ்சாவூரும் திருவாரூரும் அடுத்த வருடம் சேர்ந்தன. அந்தச் சட்டப்படி வேலை கேட்டு 15 நாளில் தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டியிருந்தது, அதை மாநிலம் கொடுக்க வேண்டும். கூலி முழுக்க மத்திய அரசு கொடுத்தது. எத்தனை பேர் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும் என்பதால், பட்ஜெட்டில் போட்ட தொகை ஓர் உத்தேசம்தான். நடவு நேரத்தில் ஆள் கிடைக்கவில்லை என்று இந்தத் திட்டத்தைத் திட்டாத மிராசுதார் இங்கே குறைவு. ஊரடங்கில் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பியபோது, வாய்க்கால் வரப்பில் அம்மாவோடு அவர்களும் மண்வெட்டியோடு நின்றார்கள்.

2020-21க்கு முதலில் ஒதுக்கியது 61,500 கோடி. மே மாதத்தில் 40,000 கோடி கூடுதலாக அறிவித்தார்கள், கடைசியில் திருத்திய மதிப்பீடு 1,11,500 கோடி. நாடு முழுக்க 389 கோடி மனித நாட்கள் வேலை நடந்தது. முந்தைய வருடம் 265 கோடி. தமிழ்நாட்டில் தினக்கூலி 229லிருந்து 256 ஆனது. இதை நிவாரணம் என்று விளம்பரம் செய்தார்கள். உண்மையில் அது வருடா வருடம் ஏப்ரல் 1ல் ஏறுகிற உயர்வுதான்.

சிக்கல் அடுத்த வருடம் வந்தது. தொற்று போகவில்லை, ஆனால் 2021-22 பட்ஜெட்டில் 73,000 கோடிதான் போட்டார்கள். பாதி வருடம் தாண்டியதும் பணம் தீர்ந்துபோனது. 2021 நவம்பரில் தமிழ்நாட்டுக்கு மட்டும் சுமார் 1,178 கோடி ரூபாய் கூலி நிலுவை என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தீபாவளி நேரம் வேறு. பிறகு அந்த வருடத் தொகையை 98,000 கோடியாகத் திருத்தினார்கள். சட்டம் 'கேட்டால் கொடு' என்றது. பட்ஜெட் 'இருந்தால் கொடு' என்றது. இரண்டுக்கும் நடுவில் மாட்டியது வேலை செய்து முடித்தவரின் கூலி.

தாமதமானால் இழப்பீடு உண்டு என்று அந்தச் சட்டத்தில் இருந்தது. வருகைப் பதிவேடு முடிந்த 16ஆம் நாளிலிருந்து, வராத கூலியில் நாளொன்றுக்கு 0.05 சதவீதம். ஆறு நாள் கூலி 1,536 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 77 காசு. ஒரு மாதம் இழுத்தடித்தால் ஒரு டீயும் வடையும் சாப்பிடலாம்.

முதியோர் உதவித்தொகையைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது, ஏனென்றால் அதில் எதுவும் அசையவில்லை. 2011லிருந்து மாதம் 1,000 ரூபாய், 2023 ஆகஸ்டில்தான் 1,200 ஆனது. இதில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், 80 தாண்டினால் 500 ரூபாய். ஊரடங்கின்போது மத்திய அரசு இரண்டு தவணையாக 500, 500 கொடுத்தது, அதுவும் மத்தியத் திட்டப் பட்டியலில் இருந்தவர்களுக்கு மட்டும். தொகை நிலையாக இருப்பது ஒரு வகையில் நல்லது. வருமானம் விழுந்தாலும் மாதம் தவறாமல் வந்தது. பிள்ளைகள் வேலையில்லாமல் வீடு திரும்பிய பிறகு, பாட்டியின் அந்த ஆயிரத்தில்தான் பல வீடுகளில் மளிகை வாங்கினார்கள்.

கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் குட்டை வகை. கட்டடச் செலவில் 1 சதவீதத்தைத் தீர்வையாக வசூலித்து அதில்தான் கொத்தனார், சித்தாள், பெயின்டருக்கு உதவி தருகிறார்கள். 2020 மார்ச்சில் நாடு முழுக்க இப்படிச் சேர்ந்து கிடந்த சுமார் 52,000 கோடியிலிருந்து கொடுக்கும்படி மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநிலங்களைக் கேட்டது. நல்ல காலத்தில் செலவழிக்காமல் வைத்திருந்ததே அப்போது கைகொடுத்தது. ஆனால் கட்டட வேலை நின்றால் தீர்வையும் நிற்கும். இன்னொன்று, பதிவு இல்லாதவருக்குக் குட்டையில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் பயனில்லை. கூலிக்கு வயலில் இறங்குபவர் இந்த வாரியத்தில் வரமாட்டார். அவருக்கு உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை, அது மாநில பட்ஜெட்டில் ஓடுகிறது.

மாநிலம் நோட்டு அடிக்க முடியாது, கடனும் இஷ்டத்துக்கு வாங்க முடியாது. மாநில உற்பத்தி மதிப்பில் 3 சதவீதம் என்று இருந்த வரம்பை 2020-21க்கு மட்டும் 5 ஆக்கினார்கள், அதில் ஒரு பகுதிக்கு நிபந்தனை போட்டு. 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' அமலானால் 0.25 சதவீதம் கூடுதலாக வாங்கலாம். தமிழ்நாட்டில் அது 2020 அக்டோபர் 1ல் வந்தது. அந்த நேரத்தில்தான் ரேஷன் கடையில் விரல் வைக்கச் சொன்னார்கள். வருடக்கணக்காக நாற்று நட்டு ரேகை தேய்ந்த கைகளை மெஷின் ஏற்கவில்லை. வரிசையில் நின்ற பெரியம்மா ஒருவர் சேலையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். அந்த விரலுக்குப் பின்னால் மாநிலத்தின் கடன் வரம்பு தொங்கிக்கொண்டிருந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

2025 டிசம்பரில் நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. விபி-ஜி ராம் ஜி என்று சுருக்கிச் சொல்கிறார்கள். அதில் 125 நாள். செலவை மத்திய அரசும் மாநிலமும் 60க்கு 40 என்று பகிர வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருடத் தொகையை மத்திய அரசு முன்கூட்டியே நிர்ணயிக்கும், அதற்கு மேல் ஆனால் முழுக்க மாநிலத்தின் தலையில். 2020 போல ஒரு வருடம் வந்து, திருப்பூர் பஸ்ஸில் பிள்ளைகள் மறுபடி வந்து இறங்கினால், நிர்ணயித்த தொகைக்கு மேல் போகும் கூலியை மாநிலம்தான் கொடுக்க வேண்டியிருக்கும். பத்திரப்பதிவும் பெட்ரோல் பங்கும் ஈ ஓட்டும் அதே மாதத்தில்.