இருநூறு பேருக்கு ஒரே மெயில்

போன திங்கட்கிழமை ஒரு மெயில். என் பேப்பர் ஒன்றின் தலைப்பைச் சொல்லி, 'இந்த ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது' என்றது. தலைப்பு மட்டும் வேறு எழுத்துருவில், ஒரு சுற்றுப் பெரிதாக, சாம்பல் பின்னணியோடு ஒட்டியிருந்தது. அடுத்த பத்தியில், 'உங்கள் புரத ஆய்வகத்தில்' போஸ்ட்டாக், அதாவது பி.எச்டி.க்குப் பிந்தைய ஆய்வு வேலை, வேண்டுமாம். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக வேதியியல் துறையில் பாட்டரிக்கான பொருள்களைச் செய்கிறவன் நான். எனக்கும் புரதத்துக்கும் உள்ள உறவு சாப்பாட்டோடு சரி.

அந்த வாரத்தில் இது நான்காவது. அனுப்புகிறவர்களில் கெட்டிக்காரர்களும் இருப்பார்கள். எனக்குத் தெரிய வழியில்லையே.

நூறு கல் எறிந்தால் ஒரு மாங்காயாவது விழாதா என்ற கணக்கு. விழாது. இது எம்.எஸ்சி. அட்மிஷன் இல்லை. அங்கே இத்தனை சீட் என்று இருக்கும், மார்க் வரிசைப்படி நிரப்புவார்கள். என்னிடம் சீட்டே கிடையாது. ஜெர்மன் ஆய்வு நிதி அமைப்பான டி.எஃப்.ஜி.க்கு ஒரு திட்டம் எழுதி, மதிப்பீட்டாளர்களிடம் திட்டு வாங்கி, கடைசியில் பணம் வந்தால் அதில் ஒருவருக்குச் சம்பளம் இருக்கும், பெரும்பாலும் மாநில அரசு ஊழியர்களுக்கான சம்பள அட்டவணையின் டி.வி.-எல் இ13 விகிதத்தில். அவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் திட்டத்திலேயே இருக்கிறது. சோடியம் அயனி பாட்டரியின் கேத்தோடு (நேர்மின்முனை) என்றால் கேத்தோடுதான். தங்கப் பதக்கம் வாங்கியவரே வந்தாலும், சி.வி.யில் ஆய்விதழ்களின் மேற்கோள் மதிப்பெண்ணான இம்பாக்ட் ஃபேக்டர்களைக் கூட்டி 'மொத்தம் 87.4' என்று போட்டாலும் (போடுகிறார்கள்!) அந்தப் பணத்தை வேறு வேலைக்கு எடுத்துக் கொடுக்க முடியாது. 'சார், இடம் இருக்கா?' என்று இருநூறு பேரைக் கேட்டாலும் இதேதான்.

போன வருடம் நான் எடுத்தவர் எழுதியது ஆறு வரி. 'உங்கள் மூன்றாவது படத்தில் ஐம்பதாவது சார்ஜ் சுழற்சிக்குப் பிறகு கொள்திறன் சரிகிறது. செல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனையான எக்ஸ்.ஆர்.டி. எடுத்துப் பார்த்தீர்களா? பி.எச்டி.யில் நான் அதைத்தான் செய்தேன்.' நாங்கள் எடுக்கவில்லை. அன்று மாலையே வீடியோவில் பேசினோம்.

திட்டப் பணம் இல்லாவிட்டால், நீங்கள் உங்கள் பெயரிலேயே வாங்கும் ஆய்வு நிதியான ஃபெலோஷிப். ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளையின் போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு, பி.எச்டி. முடித்து நான்கு வருடத்துக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு, கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், போகிற நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. அதன் கடைசித் தேதி வழக்கமாகச் செப்டம்பரில் வரும். ஆகஸ்ட் கடைசியில் வந்து 'ஹோஸ்ட் ஆகிறீர்களா சார்?' (உங்கள் ஆய்வகத்தில் இடம் தருகிறீர்களா) என்று கேட்காதீர்கள். மே மாதம் கேளுங்கள், சேர்ந்து எழுதலாம்.

சி.வி.யில் அப்பா பெயர், திருமண நிலை, 'மேற்கண்டவை உண்மை' என்ற உறுதிமொழி எதுவும் வேண்டாம். இது வேலை விண்ணப்பம், ரேஷன் கார்டு விண்ணப்பம் இல்லை.

அப்புறம், தயவுசெய்து, உங்கள் பி.எச்டி. கைடிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பரிந்துரைப்பவராக அவர் பெயரைப் போடுங்கள். ஒரு மாணவரைப் பற்றிக் கருத்துக் கேட்டு அவருடைய கைடுக்கு எழுதினேன். 'அப்படியா, வேலை தேடுகிறாரா?' என்று என்னையே திருப்பிக் கேட்டார், பாவம்.

புரத மெயிலுக்கு, ஆள் மாறிவிட்டது என்று இரண்டு வரி பதில் போட்டேன். வியாழக்கிழமை அதே மெயில் மறுபடி வந்தது. இந்த முறை எழுத்துரு சரியாக இருந்தது.