தொண்டையில் இருப்பது முள் அல்ல

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் என் சிகிச்சை அறையில் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்: "டாக்டர், குட்டிக்குத் தொண்டையில் முள் சிக்கிக்கொண்டது." மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை என எந்த ஊரிலிருந்து வந்தாலும் இதே சொல்தான். நாள்தோறும் மீன் சமைக்கும் வீட்டில் நாய்க்குட்டி கழுத்தை நீட்டி, 'கக் கக்' என்று இருமி, முடிவில் ஓங்கரித்து வெண்ணுரையைக் கக்கினால் வேறென்ன தோன்றும்? வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் முள் இருக்காது. முள் குத்திய குட்டி முன்காலால் வாயைப் பிறாண்டும், எச்சில் ஒழுக்கும், விழுங்கத் திணறும். இருமலோடு மூக்கும் ஒழுகினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சுவாசத் தொற்றை.

போர்டெடெல்லா என்ற பாக்டீரியாவும், பாராஇன்ஃபுளுவென்சா, அடினோ போன்ற வைரஸ்களும் தனியாகவோ கூட்டாகவோ இதை உண்டாக்குகின்றன. கிருமி தொற்றிய 2 முதல் 14 நாட்களுக்குள் இருமல் தொடங்கும். விற்ற இடத்தில் துள்ளிக்கொண்டிருந்த குட்டி, வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் இருமுவது இதனால்தான். 'நாங்கள் குளிப்பாட்டியதால் வந்துவிட்டதோ' என்று அழும் பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்கிறேன். முப்பது நாள் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, பல குட்டிகளோடு ஒரே கூண்டில் அடைத்து விற்பவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். எட்டு வாரமாவது அது தாயோடு இருக்க வேண்டும்.

சென்ற கார்த்திகையில் பாம்பனிலிருந்து ஒரு மீனவர் நாற்பது நாள் குட்டியைக் கொண்டுவந்தார். பாலத்துக் காற்று தாக்காதிருக்க, மீன் அடைக்கும் தெர்மாகோல் பெட்டிக்குள் துணி விரித்து வைத்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் குட்டியின் வயிறு உள்ளே குழிந்தது. ஈறு வெளிறிப் போயிருந்தது. முள் இறங்கட்டும் என்று வாழைப்பழத்தை உருட்டி ஊட்டியிருக்கிறார்கள். அதைத் தின்னாததால் மல்லாக்கப் படுக்க வைத்துச் சங்கில் பால் புகட்டியிருக்கிறார்கள். உடன் வந்த மகள் அந்தச் சங்கையும் கையில் வைத்திருந்தாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது மருந்து புகட்டிய அதே சங்கு. எக்ஸ்ரேயில் நுரையீரலின் கீழ்ப்பகுதி வெண்மையாகத் தெரிந்தது. பால் மூச்சுக்குழாய் வழியாக இறங்கிவிட்டது. சாதாரண இருமலாகத் தொடங்கியது நிமோனியாவில் வந்து நின்றது. அன்பினால் செய்த காரியம். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

எனவே தயவுசெய்து இருமுகிற குட்டியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நாய்க்கு மூக்கடைத்தால் மணம் தெரியாது. மணம் தெரியாவிட்டால் தின்னாது. வெதுவெதுப்பான துணியால் மூக்கைத் துடைத்துவிட்டு, உப்புப் போடாமல் அவித்து முள் நீக்கிய மீனைச் சோற்றில் பிசைந்து, இளஞ்சூட்டில் முகத்தருகே வையுங்கள். பல குட்டிகள் அந்த வாசத்துக்கே எழுந்து வந்துவிடும். கருவாடு வேண்டாம், அதில் உப்பு அதிகம். அரைநாளாகியும் எதையும் தொடாத சிறு குட்டிக்கு இரத்தச் சர்க்கரை இறங்கிவிடலாம், உடனே கொண்டுவாருங்கள்.

குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்காருவது நல்லது. அந்த நீரில் தைலம் எதுவும் கலக்கக் கூடாது. சாம்பிராணி, கொசுவர்த்தி, விறகடுப்புப் புகை எதுவும் அண்டாத, ஈரமில்லாத மூலையில் படுக்க வையுங்கள். குணமாகும்வரை குளிப்பாட்ட வேண்டாம். வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலையும் இபுபுரூஃபனையும் கொடுத்துவிடாதீர்கள், இரண்டும் நாய்க்கு நஞ்சாகக்கூடியவை. இருமலை அடக்கும் சிரப்பும் ஆபத்து. வெளியே வர வேண்டிய சளி உள்ளேயே தங்கிவிடும்.

குட்டி உறங்கும்போது மூச்சை எண்ணுங்கள். மார்பு எழுந்து தாழ்ந்தால் ஒன்று. ஒரு நிமிடம் முழுதும் எண்ண வேண்டும். கனவில் கால் துடிக்கும்போது எண்ணக் கூடாது. முப்பதை ஒட்டி இருந்தால் நிம்மதி. திரும்பத் திரும்ப நாற்பதைத் தாண்டினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். ஈறு நீலம் பாரித்தாலும் அப்படித்தான். கண்ணிலும் மூக்கிலும் மஞ்சள் சீழ், காய்ச்சல், கழிச்சல் எல்லாம் சேர்ந்து வந்தால் டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோயாக இருக்கலாம். அந்த வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை, தடுப்பூசிதான் காப்பு. 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. முதல் ஊசியோடு முடிந்தது என்று நினைத்த வீடுகளில்தான் நான் அதிகக் குட்டிகளை இழந்திருக்கிறேன்.

பாம்பன் குட்டிக்கு ஆன்டிபயாட்டிக்கும், நெபுலைசர் வழியாக ஆவியும் கொடுத்தோம். மூன்று நாள் ஆக்சிஜன் தேவைப்பட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது மூச்சை எண்ணும் வேலையை அந்தச் சிறுமியிடம் ஒப்படைத்தேன். மருந்து முடிகிற மூன்றாவது வாரம் கணக்கு நோட்டோடு வந்தாள். காலை, மாலை எனக் கோடு போட்டு எழுதியிருந்தாள்: 39, 38, 36, இடையில் ஒரு மழைநாளில் 48, அதனருகே 'அப்பாவை எழுப்பினேன்' என்ற குறிப்பு. கடைசி வரியில் 27 இருந்தது. அதன் கீழேயே தடுப்பூசிக்கு வரவேண்டிய தேதியை எழுதிக் கொடுத்தேன்.